காய்ந்த வெங்காயமும் தோட்டத்து அடுக்களையும்

பச்சைக் கொழுந்தின் நீரைப் போக்கி, மணத்தை மட்டும் நிறுத்திக்கொள்ளும் கலையை அப்புத்தளை மலை நன்கறியும். தாமஸ் லிப்டன் தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கியது 1890இல்; புகையிரதம் அப்புத்தளையை எட்டியது 1893இல். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. வெங்காயத்திலோ நீர் இன்னும் மிகுதி. ஒரு கிலோ வெங்காயத் தூளுக்கு எட்டு ஒன்பது கிலோ வெங்காயம் வேண்டும்.

தூள் என்னும் வடிவம் புதிது. வெங்காயத்தை உலர்த்தி வைக்கும் வழக்கம் பழையது. திருச்சி, சேலம், தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே மலையேறிய மக்களின் ஊர்களில், சின்ன வெங்காயத்தை நசுக்கி, உளுந்தும் கடுகும் சீரகமும் சேர்த்து உருட்டி, வெயிலிற் காயவைத்து வடகமாக்குவர். ஒரு சிறு துண்டைத் தாளித்தால் குழம்பு முழுவதும் மணக்கும். சமவெளியின் சித்திரை வெயில் அதற்கு ஏற்றது. ஊவா மலைச்சாரலில் மூடுபனியும் மழையும் குறுக்கிடும். ஆடி ஆவணியில் வீசும் வறண்ட காற்றே அங்கு நம்பத்தக்கது. ஊவாத் தேயிலைக்குப் புகழ்பெற்ற மணத்தைத் தருவதும் அக்காற்றே.

1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வரவு நின்றது; கோதுமை மா பங்கீட்டில் வந்தது. லயத்து அடுப்பிலே ரொட்டி நிலைபெற்றது. அதற்குத் துணை, செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் வைத்து அம்மியில் அரைத்த சம்பல். பலநாள் அதுவே கறி; அதுவே மரக்கறியுமாயிற்று.

1970இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கையாளர் செழித்தனர். அதே ஆண்டுகளில், 1973, 1974இல், உணவுப் பங்கீடு சுருங்கித் தோட்டங்களிற் பலர் பட்டினியால் மடிந்தனர். ஒரே கொள்கை வடக்கே கிணற்றடித் தோட்டத்திற்கு வாழ்வும் மலையிலே வெறும் சட்டியுமாக முடிந்தமை எளிதில் மறக்கத்தக்கதன்று. 100 கிராம் பச்சை வெங்காயம் தருவது ஏறத்தாழ 40 கலோரியே. அது சுவை தரும், பசியாற்றாது.

இந்த வேறுபாட்டைத் தூளை மதிப்பிடும்போதும் மனத்திற் கொள்ளவேண்டும். முழு வெங்காயத்திற்குக் கார மணமில்லை. நறுக்கும்போதே அதனுள்ளிருக்கும் நொதி, கந்தகச் சேர்மங்களோடு கலந்து காரத்தைப் பிறப்பிக்கிறது. மிதமான சூட்டில் உலர்த்தினால் நொதியில் ஒரு பகுதி தப்பும்; தூளைச் சிறிது நீரிற் குழைத்து வைத்தால் காரம் மீளும். பொன்னிறமாக வறுத்து அரைத்த தூளிலோ இனிப்பே மிஞ்சும்.

100 கிராம் தூளில் உயிர்ச்சத்து சி ஏறத்தாழ 23 மில்லிகிராம். பச்சை வெங்காயத்தில் அது 7 மில்லிகிராமே. எனவே தூள் மேலானதெனத் தோன்றும். ஆனால் ஒன்பது மடங்கு செறிந்த பொருளிலே 60க்கு மேல் இருந்திருக்கவேண்டும். பெரும்பகுதி உலர்த்துகையில் அழிந்துவிட்டது. அன்றியும், 100 கிராம் தூளை யார் உண்பார்? ஒரு தேக்கரண்டியின் எடை இரண்டரைக் கிராம் அளவே. நார்ச்சத்தும் பொட்டாசியமும் உண்டெனினும், அவ்வளவிற் கிடைப்பது சொற்பம்.

குழம்பைத் தடிப்பாக்கவும், ரொட்டி மாவிற் பிசையவும், பருப்பிற் கரைக்கவும் தூள் உதவும். சம்பலுக்கு உதவாது, அங்கே பல்லிற் கடிபடும் பச்சை வெங்காயமே வேண்டும். வெங்காய உப்பு என்று விற்கப்படுவதிற் பெரும்பங்கு உப்பே. இரத்த அழுத்தமுள்ளோர் அதனைத் தூளென்று மயங்கலாகாது. அப்புத்தளைப் பனியிலே மூடியைத் திறந்து வைத்தால் தூள் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். தேயிலையைக் காப்பதுபோலவே, இறுக மூடிய தகரத்தில், அடுப்பின் ஆவி படாத இடத்தில் வைத்தல் நன்று.