கோப்பை கழுவாத இரவுகள்

2020 மார்ச் 14 நள்ளிரவோடு பிரான்சின் உணவகங்கள் பூட்டப்பட்டன. 17ஆம் திகதி நண்பகல் ஊரடங்கு தொடங்கியது. வெளியே போக நாங்களே நிரப்பிக் கையொப்பமிட்ட கடதாசி வேண்டும். வவுனியாவில் பாஸுக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு, எங்கள் பாஸை நாங்களே எழுதுவது சிரிப்பாயிருந்தது.

1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து ஊரடங்கின்போது வேலிப் பொட்டுக்குள்ளால் அயல் வந்துபோனது. பாரிஸ் அடுக்குமாடியில் ஏது பொட்டு?

சம்பளத்தில் ஏறத்தாழ 84 வீதம் கிடைத்தது. பதிவில்லாமல் வேலைசெய்தோருக்கு அதுவுமில்லை. நள்ளிரவில் கோப்பை கழுவித் திரும்பிய நாங்கள் அப்போதுதான் பிள்ளைகளோடு இராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவர்கள் பிரெஞ்சில் பகிடி விட்டார்கள். பாதி விளங்கவில்லை, தமிழில் திருப்பிச் சொல்லச் சொன்னோம், சொன்னார்கள்.

ஜூன் 15 பாரிஸ் உணவகங்கள் முழுதாகத் திறந்தன. அன்றிரவும் மேசையில் எங்கள் கோப்பையை வைத்துவிட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.