ஊசி முனையில் ஒட்டிய தூசி

இந்த எபிசோட் ஆரம்பிச்சது எங்க ஆபீஸ் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல. காலை 10 மணி, எல்லாரும் கேமராவை அணைச்சு வெச்சிருப்போம். டீம்ல ஒரு அக்கா மட்டும் கேமராவைப் போட்டு, கையில ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே "நேத்து அந்த பக் முடிஞ்சது, இன்னைக்கு அடுத்ததை எடுக்கிறேன்" என்பார். போன மாசம் அவர் கையில் புது ஊசி. நீலமும் மெரூனும் கோடு கோடாக ஓடும் மர ஊசிகள், அதுக்கு ஒரு அழகான துணிப்பை. அட்டையில் பெரிய எழுத்தில் 'சஸ்டெய்னபிள்'.

நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "எதோட ஒப்பிட்டாக்கா?" என்று கேட்டுட்டேன். நம்ம தொழில்ல 40 சதவீதம் வேகம் கூடிடுச்சுன்னு யாராவது சொன்னா, முதல்ல அதைத்தானே கேட்போம்? அக்கா சிரிச்சிட்டு, "நீயே தேடிச் சொல்லு" என்றார். மூணு வாரம் அதிலேயே போச்சு.

முதல்ல ஒரு விளக்கம். துணி நெய்ய குறுக்கும் நெடுக்கும் ரெண்டு நூல் வரிசை வேணும். பின்னலுக்கு ஒரே நூல் போதும். ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையத்தை இழுத்துவிடறது, அவ்வளவுதான். நாம போடுற பனியனும் இதே வளையம்தான், திருப்பூர்ல மெஷின் பின்னுது. கையால் பின்னும்போது ஊசிக்கு ரெண்டே வேலை: வளையங்கள் அவிழாமல் பிடிச்சு வெக்கணும், முனை அடுத்த வளையத்துக்குள் நுழையணும். காது, துளை எதுவும் கிடையாது. கூராக்கின குச்சி என்று சொன்னாலும் தப்பில்லை.

குச்சிதான் என்பதால் ஆரம்பத்தில் கையில் கிடைத்ததையே சீவிக்கொண்டார்கள்: எலும்பு, மரம், செம்புக் கம்பி. ஜெர்மனியில் 1400 வாக்கில் மாஸ்டர் பெர்ட்ராம் பட்டறை வரைந்த ஒரு தேவாலய ஓவியத்தில், மேரி மாதா நாலு ஊசி வெச்சு குழந்தைக்குச் சட்டை பின்னுகிறார். இப்போது ஹாம்பர்க் மியூசியத்தில் இருக்கு. அதே நாலு ஊசி முறையில்தான் இன்னைக்கும் சாக்ஸ் பின்னுறாங்க. 600 வருஷமா மாறாத ஒரு இன்டர்ஃபேஸ்! எனக்குப் பொறாமையா இருக்கு.

பெரிய மாற்றம் எஃகுக் கம்பி வந்தப்போதான். மெல்லிசா, வழவழப்பா, வளையாம இருக்கும். ஸ்காட்லாந்துப் பக்கம் பின்னல் ஊசிக்குப் பேரே 'வயர்'. நம்ம ஊர் நகைப் பட்டறையில் தங்கக் கம்பியைத் துளைத் தகட்டில் விட்டு இழுத்து இழுத்து மெல்லிசாக்குறதைப் பார்த்திருக்கீங்களா? அதே வேலைதான். எத்தனை தடவை இழுக்கிறோமோ அவ்வளவு நம்பர் கூடும். அதனால பழைய பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்காக்காரர்கள் நேர் எதிராக, நம்பர் ஏறினால் தடிமன் ஏறும் என்று வெச்சுக்கிட்டாங்க. 4 மில்லிமீட்டர் ஊசி பிரிட்டனில் 8, அமெரிக்காவில் 6. 5 மில்லிமீட்டர் ஊசி பிரிட்டனில் 6, அமெரிக்காவில் 8. ரெண்டு பக்கமும் அதே ரெண்டு நம்பர், அர்த்தம் மட்டும் தலைகீழ். நம்ம ஊர்க் கடையில் இன்னும் பழைய பிரிட்டிஷ் கணக்குதான். யூடியூப்பில் அமெரிக்க வீடியோ பார்த்து, இங்கே 8-ஆம் நம்பர் வாங்கிப் பின்னினால் தொப்பி பொம்மைக்குத்தான் ஆகும்.

சரி, சிரிச்சாச்சு. இனி வர்றதுதான் என்னை மூணு வாரம் உட்கார வெச்ச விஷயம்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்குத் தெற்கே ரெடிச் என்று ஒரு ஊர். 19-ஆம் நூற்றாண்டில் உலகத்தின் ஊசி ஊர் அதுதான். தையல் ஊசிதான் முக்கியத் தொழில், கூடவே தூண்டில் முள், பின்னல் ஊசி எல்லாம். கம்பியை வெட்டினதும் அடுத்த வேலை முனை தீட்டுறது. அந்த வேலை செய்கிறவருக்குப் பேர் 'பாயிண்டர்'. சுழலும் கல் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, டஜன் கணக்கில் கம்பிகளை ஒரே நேரத்தில் ரெண்டு கைக்கும் நடுவே உருட்டி உருட்டிக் கல்லில் வைப்பார். தண்ணி ஊத்தித் தீட்டினால் தூசி பறக்காது. ஆனா ஊசி துருப்பிடிக்கும். அதனால காய்ந்த கல்லிலேயே தீட்டினாங்க. கல் தூசியும் எஃகுத் தூசியும் நேரா மூக்குக்குள்ள. கொஞ்ச வருஷத்தில் நுரையீரல் போயிடும். அந்த நோய்க்கே தொழிலின் பேரை வெச்சாங்க: 'பாயிண்டர்ஸ் ராட்'. நாற்பது வயசைத் தாண்டினவங்க குறைவு.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. 1820-களின் தொடக்கத்திலேயே ஷெஃபீல்டுக்காரர் ஜே.எச். ஆபிரகாம், காந்தம் பொருத்தின ஒரு முகக் கவசத்தைச் செய்து காட்டினார். எஃகுத் துகளைக் காந்தம் இழுத்துக்கும். கல் தூசியை அது என்ன செய்யும் என்பது வேற கேள்வி. பின்னாடி தூசியை உறிஞ்சும் விசிறிகளும் வந்தன.

பாயிண்டர்களே அதையெல்லாம் வேண்டாம்னு சொன்னாங்க.

முதல்ல படிச்சப்போ 'படிக்காத சனம், புரியல போல' என்றுதான் எனக்குத் தோணுச்சு. அப்புறம் அதை நினைச்சு வெட்கப்பட்டேன். அவங்களுக்கு நல்லாவே புரிஞ்சிருந்தது. ஊரிலேயே அதிக சம்பளம் பாயிண்டருக்கு. அந்த சம்பளம் கைத்திறனுக்கு மட்டும் இல்லை, சீக்கிரம் சாகிறதுக்கும் சேர்த்து. ஆபத்து குறைஞ்சா கூலியைக் குறைப்பாங்க, வேற ஆட்களும் வேலைக்கு வருவாங்க. ஆயுசு நீளும், ஆனா வீட்டுக்கு வர்ற காசு சுருங்கும். முதலாளி கூலியை வெட்ட மாட்டேன்னு யாரும் அவங்களுக்கு எழுதிக் கொடுக்கல. அந்தக் கணக்கில் தப்பு எங்கே இருக்குன்னு என்னால சொல்ல முடியல.

அதே காலத்தில் வரவேற்பறைகளில் வேற ஊசிகள் இருந்தன. வசதியான வீட்டுப் பெண்கள் தந்த ஊசியிலும், அழுங்காமை ஓட்டில் செய்த ஊசியிலும் பின்னினார்கள். கைக்கு இதமா இருக்கும், பார்க்க அம்சமா இருக்கும். அந்த ஆமை 1977-லும், ஆப்பிரிக்க யானை 1989-லும் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் ஏறின.

அதுக்கெல்லாம் மாற்றா வந்த ஒரு பொருளைப் பார்த்தா நம்பவே முடியாது: பால். 1899-ல் ஜெர்மனியின் கிரிஷே, ஸ்பிட்டெலர் என்ற ரெண்டு பேர் காப்புரிமை வாங்கினது. பாலைத் திரித்து, அதில் வரும் கேசின் புரதத்தை அழுத்திக் குச்சியாகவும் பலகையாகவும் ஆக்கி, ஃபார்மால்டிஹைடில் வாரக்கணக்கில் ஊற வெச்சா கொம்பு மாதிரி கெட்டியாயிடும். கிரிஷே தேடினது பள்ளிக்கூடத்துக்கு, கழுவக்கூடிய வெள்ளைப் பலகை. வந்தது பட்டன், பேனா, பின்னல் ஊசி. பேர் 'கேலலித்'. கிரேக்கத்தில் பால்கல் என்று அர்த்தம். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊரில் இதையே 'எரினாய்டு' என்ற பேரில் செய்தார்கள். யானை சாகல, ஆமை சாகல, பெட்ரோலியம் ஒரு சொட்டு இல்லை. இன்னைக்கு இதை யாராவது ஸ்டார்ட்-அப்பா ஆரம்பிச்சா முதலீடு கொட்டும். ஃபார்மால்டிஹைடு தொட்டிக்குப் பக்கத்தில் நின்னவங்களைப் பத்தி மட்டும் அட்டையில் இருந்திருக்காது.

அப்புறம் அலுமினியம், பெட்ரோலிய பிளாஸ்டிக். ரெடிச்சின் ஏபெல் மோரல் கம்பெனி 'ஏரோ' என்று சாம்பல் நிற ஊசி விற்றது. மலிவு, லேசு, வீட்டுக்கு வீடு. அதில் சொல்ல எனக்குப் பெருசா ஒண்ணும் இல்லை.

இப்போ மரம் திரும்பி வந்திருக்கு, இந்தக் கதையில் நாமளும் வர்றோம். உலகம் முழுக்க பின்னுறவங்க கையில் இருக்கிற வண்ண மர ஊசிகளில் நிறைய நம்ம நாட்டுச் சரக்கு. ஜெய்ப்பூரின் நிட்ப்ரோ இதில் பெரிய பேர். பிர்ச் மரத்தின் மெல்லிய தகடுகளுக்குச் சாயம் ஏற்றி, அடுக்கி, அழுத்தி, கடைந்து எடுக்கிறது. அந்தக் கோடு கோடான அழகு அந்த அடுக்குகள்தான். ரோஸ்வுட்டிலும் 'கியூபிக்ஸ்' என்று சதுர ஊசி செய்தார்கள்.

ரோஸ்வுட்டில்தான் சிக்கல். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த நாடுகள் 2016-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடி, டால்பெர்ஜியா என்ற மரப் பேரினம் முழுவதையும் பட்டியலில் சேர்த்தன. 2017 ஜனவரி 2 முதல் நடைமுறை. காரணம் நியாயமானது: மடகாஸ்கர், தென்கிழக்கு ஆசியா, மத்திய அமெரிக்கக் காடுகளைத் திருட்டுத்தனமா வெட்டி சீனாவின் மரச்சாமான் சந்தைக்கு அனுப்பிக்கிட்டிருந்தாங்க. அறுத்த பலகையைப் பார்த்து இது எந்த இனம்னு கஸ்டம்ஸ் அதிகாரியால் சொல்ல முடியாது. அதனால ஃபயர்வாலில் ஸ்டார் போடுற மாதிரி மொத்தத்துக்கும் ஒரே விதி. அதில் வட இந்தியாவில் சாலை ஓரமும் கால்வாய் ஓரமும் நட்டு வளர்க்கிற ஷீஷம் மரமும் மாட்டிக்கிச்சு. 1,000 கோடி ரூபாயா இருந்த ஷீஷம் கைவினைப் பொருள் ஏற்றுமதி 500-600 கோடியா விழுந்தது, சுமார் 50,000 கைவினைஞர்கள் பாதிக்கப்பட்டாங்க என்பது மத்திய அரசு சொன்ன கணக்கு.

2019-ல் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. கிதார் கம்பெனிகளுக்குக் குரல் இருந்தது. நம்ம கைவினைப் பொருட்களுக்கு 2022-ல் பனாமாவில்தான்: ஒரு பொருளில் 10 கிலோவுக்குக் குறைவான மரம் இருந்தால் சைட்டிஸ் அனுமதி வேண்டாம் என்று ஆனது. ஒரு ஜோடி ஊசி சில கிராம். அஞ்சு வருஷத்துக்கு மேல அந்த சில கிராமுக்கும் காகிதம் ஓடிக்கிட்டிருந்தது.

ஆக மரத்தைக் கணக்கெடுக்க ஒரு ஒப்பந்தமும், மாநாடும், பர்மிட்டும் இருக்கு. நல்லது, இருக்கணும். ஆனா மர ஊசிக்கும் முனை தீட்டணும், மணல் தாள் போட்டு வழவழப்பாக்கணும். அங்கேயும் தூசி பறக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே மரத் தூசியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வெச்சிருச்சு. தூசி உறிஞ்சும் குழாயும் நல்ல மாஸ்க்கும் இருந்தா பெரும்பகுதியைத் தடுக்கலாம். இருக்கா இல்லையான்னு ஊசி வாங்குறவருக்கு எந்த அட்டையும் சொல்றதில்லை. 'சஸ்டெய்னபிள்' என்ற வார்த்தைக்குள்ள காடு வந்துடுது, கல் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர் வர்றதில்லை.

இதையெல்லாம் அக்காகிட்ட மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். பின்னிக்கிட்டே கேட்டார். "சரி, கேட்டுப் பார்ப்போம்" என்று அந்த ஊசி பிராண்டுக்கு அங்கேயே ஒரு மெயில் போட்டார். ரெண்டே கேள்வி: மரம் எங்கிருந்து வருது? முனை தீட்டுற இடத்தில் தூசிக்கு என்ன செய்றீங்க?

முதல் கேள்விக்கு ரெண்டு நாளில் நீளமான, மரியாதையான பதில் வந்தது, படத்தோட. ரெண்டாவதுக்கு இன்னும் வரல. வந்தா அடுத்த எபிசோட் ஆரம்பத்தில் படிக்கிறேன்.