தனித் தொகுதியும் பொது வாக்கும்: சிதம்பரம் மக்களவைத் தொகுதியின் தேர்தல் வரலாறு (1957–2024)

ஆய்வுச் சுருக்கம்

சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் வென்றவர்களின் பட்டியல் மாநில அரசியலின் போக்கையே பெரிதும் எதிரொலிக்கிறது. தொகுதிக்கே உரிய வரலாறு வாக்கு வித்தியாசங்களிலும் இரண்டாம் இடங்களிலும் பதிந்துள்ளது. இரட்டை உறுப்பினர் முறைக் காலத்திலிருந்து 2024 தேர்தல் வரையிலான முடிவுகளை முன்வைத்து, பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்ட ஓர் ஊரகத் தொகுதியில் அவர்தம் பிரதிநிதியை யார் தேர்ந்தெடுக்கின்றனர் என்ற வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிதம்பரம், தனித் தொகுதி, பூனா ஒப்பந்தம், எல்லை மறுவரையறை, விடுதலைச் சிறுத்தைகள் கட்சி, பாட்டாளி மக்கள் கட்சி.

முன்னுரை

தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுள் 7 பட்டியல் இனத்தவருக்கு உரியவை. அவற்றுள் எதிலும் பட்டியல் இனத்தவர் பாதிக்கு மேல் இல்லை. ஆகவே போட்டியிடும் உரிமை ஒரு பிரிவினருக்கும், முடிவு செய்யும் பெரும்பான்மை ஏனையோருக்கும் அமைந்திருக்கிறது. இந்த அமைப்பின் வேர் 1932இல் உள்ளது. வகுப்புவாரித் தீர்ப்பு ஒடுக்கப்பட்டோர்க்குத் தனி வாக்காளர் தொகுதிகளை வழங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் அதனைக் கைவிட்டு, மாகாணச் சட்டமன்ற இடங்களை 71இலிருந்து 148ஆக உயர்த்திக் கூட்டு வாக்காளர் முறையை ஏற்றது. ஒவ்வொரு தொகுதிக்கும் நான்கு வேட்பாளர்களை ஒடுக்கப்பட்டோரே முதற்கட்டமாகத் தெரிவு செய்யும் ஏற்பாடு அவ்வொப்பந்தத்தில் இருந்தது. விடுதலைக்குப் பிந்தைய அரசமைப்பில் அந்த முதற்கட்டம் இடம்பெறவில்லை. ஒதுக்கீட்டை மட்டும் நாடு தக்கவைத்துக்கொண்டது. இதன் விளைவுகளைக் காண்பதற்குச் சிதம்பரம் அளவுக்குப் பொருத்தமான களம் தமிழகத்தில் அரிது.

இரட்டை உறுப்பினர் காலம்

முதலிரு பொதுத்தேர்தல்களில் ஒதுக்கீடு தனித் தொகுதிகளாக மட்டுமன்றி இரட்டை உறுப்பினர் தொகுதிகளாகவும் நடைமுறையில் இருந்தது. ஒரே பரப்பிலிருந்து இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு, ஆனால் இரண்டையும் ஒருவருக்கே அளிக்க இயலாது. 1957இல் சிதம்பரம் இத்தகைய தொகுதியாக இருந்து, காங்கிரஸ் கட்சியின் ஆர். கனகசபைப் பிள்ளையையும் எல். இளையபெருமாளையும் மக்களவைக்கு அனுப்பியது. காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த இளையபெருமாள் 1952இல் கடலூர்த் தொகுதியிலிருந்து தேர்வானவர்.

அக்காலத் தென்னார்க்காடு மாவட்ட அரசியலில் இரு ஓட்டங்கள் இணையாகச் சென்றன. எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியார் தலைமையில் வன்னியர் ஆதரவுடன் எழுந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 1952 சட்டமன்றத் தேர்தலில் 19 இடங்களைப் பெற்றது. மறுபுறம், தில்லையில் நந்தனார் பெயரில் கல்வி நிலையங்களை உருவாக்கிய சுவாமி சகஜானந்தர் (1890–1959) சட்டமன்றத்திலும் நீண்டகாலம் பணியாற்றினார். வன்னியர் அணிதிரட்டல் தொடக்கத்திலிருந்தே தனிக் கட்சியாக உருப்பெற்றது. தலித் தலைமையோ காங்கிரசுக்குள்ளும் கல்வி நிறுவனங்களுக்குள்ளும் இயங்கியது. இந்த வேறுபாடு பின்வந்த நாற்பதாண்டு அரசியலுக்கு முன்னுரை போன்றது.

இரட்டை உறுப்பினர் முறை நீடிக்கவில்லை. 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் பழங்குடி வேட்பாளர்கள் இருவரும் மிகுதியான வாக்குகள் பெற்று, பொது இடமும் அவர்களுள் ஒருவருக்கே சென்றது. தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி. அவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959இல் அவ்வெற்றியை உறுதிசெய்தது. 1961இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி அம்முறையையே நீக்கிவிட்டது. பொது இடத்தை ஒதுக்கீட்டுக்குரியோர் வெல்வது இயலும் என்று மெய்ப்பிக்கப்பட்ட இரண்டே ஆண்டுகளில் இது நிகழ்ந்தது கருதத்தக்கது.

இதன் நேரடி விளைவு சிதம்பரத்தில் தெரிந்தது. 1962இல் அது பொதுத்தொகுதியாகிக் கனகசபைப் பிள்ளையை மீண்டும் தேர்ந்தெடுத்தது. இளையபெருமாள் திருக்கோவிலூர் தனித் தொகுதிக்குச் சென்று வென்றார். 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை ஒழிப்பு மற்றும் பட்டியல் இனத்தவர் மேம்பாட்டுக் குழுவுக்கு அவர் தலைமையேற்றார். 1969இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கப் பரிந்துரைத்தது. 1970இல் தமிழக அரசு இந்து சமய அறநிலையச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின் பின்புலத்தில் அப்பரிந்துரை உண்டு. சிதம்பரம் வட்டாரம் உருவாக்கிய மிக முக்கியமான நாடாளுமன்றப் பணி, சிதம்பரத்தின் உறுப்பினராக இல்லாதபோது நடந்தது என்பது இவ்வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

அலையோடு சென்ற தொகுதி

பின்வந்த எல்லை வரையறையில் சிதம்பரம் தனித் தொகுதியாயிற்று. 1967, 1971 தேர்தல்களில் தி.மு.க.வின் வி. மாயவனும், 1977இல் அ.தி.மு.க.வின் ஏ. முருகேசனும், 1980இல் தி.மு.க.வின் வி. குழந்தைவேலுவும், 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களிலும் காங்கிரசின் ப. வள்ளல்பெருமானும், 1996இல் தி.மு.க.வின் வி. கணேசனும் வென்றனர். 1998இல் பா.ம.க.வின் தலித் எழில்மலை, 1999, 2004 ஆண்டுகளில் அதே கட்சியின் இ. பொன்னுசாமி, 2009இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தொல். திருமாவளவன், 2014இல் அ.தி.மு.க.வின் மா. சந்திரகாசி, 2019, 2024 தேர்தல்களில் மீண்டும் திருமாவளவன் என்று பட்டியல் நீள்கிறது.

1967 முதல் 2024 வரை நடந்த 15 பொதுத்தேர்தல்களிலும், மாநிலத்தில் மிகுதியான இடங்களைக் கைப்பற்றிய அணியின் வேட்பாளரே சிதம்பரத்தில் வென்றுள்ளார். ஒருமுறைகூட விலக்கில்லை. பா.ம.க. தொடர்ந்து மூன்று முறை வென்றதும் இதனுள் அடங்கும். 1998இல் அக்கட்சி அ.தி.மு.க.–பா.ஜ.க. அணியிலும், 1999இல் தி.மு.க.–பா.ஜ.க. அணியிலும், 2004இல் தி.மு.க.–காங்கிரஸ் அணியிலும் இருந்தது. 2009இல் அணி மாறி அ.தி.மு.க.வுடன் சேர்ந்தபோது தோற்றது. எனவே வென்றவர் யார் என்பதைக் கொண்டு மட்டும் இத்தொகுதி மக்களின் விருப்பத்தை அளவிட முற்படும் ஆய்வுகள் மாநில அலையையே அளந்து முடிகின்றன.

எனினும் 1998 ஒரு திருப்புமுனை. 1989இல் மருத்துவர் ச. இராமதாசு தொடங்கிய பா.ம.க.வின் ஆதரவுத் தளம் வன்னியரிடையே இருந்தது. எழில்மலை, பொன்னுசாமி ஆகிய இருவரும் தலித்துகள். வாச்பாய் அமைச்சரவையில் இணையமைச்சர் பொறுப்பும் வகித்தவர்கள். சமூக நல்லிணக்கத்தின் அடையாளமாக இதனைக் காணலாம். ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியைப் பிறர் தேர்ந்தெடுப்பர் என்று 1932இல் எழுப்பப்பட்ட ஐயத்தின் சான்றாகவும் காணலாம். இவ்விரு வாசிப்புகளையும் மோதவிட்டது அடுத்த தேர்தல்.

1999: தேர்தலுக்குள் நுழைதல்

அதுவரை தேர்தலைப் புறக்கணித்துவந்த விடுதலைச் சிறுத்தைகள் இயக்கம் 1999இல் ஜி. கே. மூப்பனாரின் தமிழ் மாநிலக் காங்கிரஸ் அணியில் சேர்ந்து சிதம்பரத்தில் திருமாவளவனை நிறுத்தியது. வாக்குப்பதிவின்போதும் அதனை ஒட்டியும் தலித் குடியிருப்புகள் பல தாக்கப்பட்டன. வாக்களிக்கவிடாமல் தடுக்கப்பட்டதாகவும் புகார்கள் எழுந்தன. அவ்வளவுக்கும் இடையில் திருமாவளவன் ஏறத்தாழ 2.25 லட்சம் வாக்குகளுடன் இரண்டாம் இடம் பெற்றார். பொன்னுசாமி பெற்றது ஏறத்தாழ 3.45 லட்சம்.

2004இல் ஐக்கிய ஜனதா தளத்தின் வேட்பாளராக அவர் மீண்டும் போட்டியிட்டு ஏறத்தாழ 2.55 லட்சம் வாக்குகள் பெற்றார். இவ்விரு தேர்தல்களும் தனித்த கவனத்துக்குரியவை. தி.மு.க., அ.தி.மு.க. ஆகிய இரண்டின் துணையுமின்றி ஒரு தலித் தலைவர் பெற்ற வாக்குகள் இவை. திராவிடக் கட்சிகளின் கூட்டணி வலிமையைக் கழித்துவிட்டு இயக்கத்தின் சொந்த வலிமையைக் காண்பதற்கு வேறு சான்று இத்தொகுதியில் கிடையாது. அவ்வலிமை இரண்டாம் இடத்துக்குப் போதுமானதாகவும் வெற்றிக்குப் போதாததாகவும் இருந்தது. 2009இல் தி.மு.க. அணியில் நின்றபோது அவர் 4,28,804 வாக்குகள் பெற்று, 3,29,721 வாக்குகள் பெற்ற பொன்னுசாமியை வென்றார்.

ஆனால் 2004ஆம் ஆண்டு எண்ணிக்கையை 2009உடன் அப்படியே ஒப்பிடலாகாது. 2008ஆம் ஆண்டு எல்லை மறுவரையறை தொகுதியின் உருவையே மாற்றியது. குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம், மங்களூர் பகுதிகள் விலகின. குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் சேர்ந்தன. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் (தனி) ஆகியன மட்டுமே பழைய தொகுதியின் எச்சம். வீராணம் ஏரிப் பாசனமும் நெல்வயலுமான கடைமடைப் பகுதியோடு சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் முந்திரிக்காடுமான மேட்டுநிலம் இணைந்தது. திருமாவளவன் பிறந்த அங்கனூர் இம்மாற்றத்துக்குப் பின்னரே இத்தொகுதியில் அமைந்தது. கடலூர், அரியலூர், பெரம்பலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இத்தொகுதியைச் ‘சிதம்பரம்’ என்ற பெயர் இன்று ஓரளவுக்கே குறிக்கிறது.

வாக்கு வித்தியாசங்கள் கூறுவது

தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பரில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட நிகழ்வுக்குப் பின் வட தமிழகத்தில் சாதி அணிதிரட்டல் கூர்மையடைந்தது. அச்சூழலில் நடந்த 2014 தேர்தலில் சந்திரகாசி 4,29,536 வாக்குகள் பெற்றார். திருமாவளவன் 3,01,041, பா.ம.க. வேட்பாளர் 2,79,016. மாநிலத்தில் 37 இடங்களை அ.தி.மு.க. வென்ற அத்தேர்தலில் மும்முனைப் போட்டி ஒவ்வொரு அணியின் அளவையும் தனித்தனியே காட்டியது.

2019இல் தி.மு.க. அணி மாநிலத்தில் ஏறத்தாழ எல்லா இடங்களையும் வென்றது. அண்டைத் தொகுதியான கடலூரில் அவ்வணியின் வித்தியாசம் 1,43,983. விழுப்புரம் தனித் தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்த து. இரவிக்குமார் உதயசூரியன் சின்னத்தில் நின்று 1,28,068 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்ற திருமாவளவன் 5,00,229 வாக்குகளும், அ.தி.மு.க.வின் பொ. சந்திரசேகர் 4,97,010 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் 3,219.

ஒரே அணி, ஒரே அலை, அடுத்தடுத்த தொகுதிகள். இருப்பினும் இவ்வளவு வேறுபாடு. எதிர்வேட்பாளரின் சின்னம் இதற்கு ஒரு காரணம்: கடலூரிலும் விழுப்புரத்திலும் பா.ம.க.வின் மாம்பழமும், சிதம்பரத்தில் இரட்டை இலையும் எதிர்நின்றன. ஆயினும் அது முழு விளக்கமாகாது. தி.மு.க.வின் வழக்கமான வாக்குகளில் ஒரு பகுதி உதயசூரியனுக்குச் சென்ற அளவுக்குப் பானைக்குச் செல்லவில்லை என்றே கொள்ளவேண்டியுள்ளது. தலித் கட்சியைச் சேர்ந்தவர் என்பதற்கும் தலித் கட்சியின் அடையாளத்தோடு நிற்பவர் என்பதற்கும் வாக்காளரில் ஒரு சாரார் வேறுபாடு கண்டனர். வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18 அன்று பொன்பரப்பியில் பானைச் சின்னத்தை ஒட்டி எழுந்த தகராறு தலித் வீடுகள் சூறையாடப்படுவதில் முடிந்ததை இத்துடன் இணைத்தே நோக்கவேண்டும்.

2024இல் திருமாவளவன் 5,05,084 வாக்குகள் பெற்று 1,03,554 வித்தியாசத்தில் வென்றார். 3,219 ஒரு லட்சமாக உயர்ந்ததை ஆதரவுப் பெருக்கமாக விளக்குவோர் உண்டு. எண்கள் அதற்கு இடந்தரவில்லை. அவரது வாக்கு ஐந்தாண்டுகளில் கூடியது 4,855 மட்டுமே. அ.தி.மு.க.வின் வாக்கு 4,97,010இலிருந்து 4,01,530ஆகக் குறைந்தது. பா.ம.க. இடம்பெற்றிருந்த அணியின் பா.ஜ.க. வேட்பாளர் கார்த்தியாயினி 1,68,493 வாக்குகள் பெற்றார். இவ்விரு எதிரணிகளின் கூட்டுத்தொகை 5,70,023. வென்றவரின் வாக்கைவிட 64,939 மிகுதி. பிரிந்து நின்ற வாக்குகள் சேர்ந்து நின்றிருந்தால் அப்படியே கூடியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆனால் 2019இல் அவை சேர்ந்தே நின்றன என்பதும், அப்போது வித்தியாசம் 3,219 என்பதும் மறுக்கவியலாதவை. அதே 2024இல் விழுப்புரத்தில் இரவிக்குமார் பானைச் சின்னத்துக்கு மாறினார். எதிர்த்தரப்பு அங்கும் பிளவுபட்டிருந்தும் அவரது வித்தியாசம் 70,703ஆகக் குறைந்தது.

இதே நிலப்பரப்பில் சட்டமன்ற அளவில் நிகழ்ந்ததையும் சேர்த்துக் காணலாம். 2016இல் காட்டுமன்னார்கோயிலில், இரு பெரும் அணிகளுக்கும் வெளியே மக்கள் நலக் கூட்டணியில் நின்ற திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். அத்தொகுதியை அவரது கட்சி 2021இல் தி.மு.க. அணியில் நின்று கைப்பற்றியது.

வாக்குச்சாவடி அளவில்

தொகுதிக் கூட்டுத்தொகைகளுக்குக் கீழே இறங்க விரும்பும் ஆய்வாளருக்குத் தேர்தல் ஆணையத்தின் படிவம் 20 உண்டு. அது வாக்குச்சாவடிவாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைத் தருகிறது. ஊரும் காலனியும் பிரிந்து கிடக்கும் இத்தொகுதியில், எந்தச் சாவடி எந்தத் தெருவுக்குரியது என்பதை உள்ளூரார் அறிவர். சான்றாதாரமாக அப்படிவம் எவ்வளவு பயனுடையதோ, சிறுபான்மையாக வாழும் ஒரு தெருவின் வாக்கை வெளிப்படுத்துவதில் அவ்வளவு இடர் நிறைந்தது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்குத் தேர்தல் நடத்தை விதிகளின் 59ஏ பிரிவு இடமளித்தது. மின்னணு எந்திரம் வந்தபின் அக்கலப்பு நின்றுபோயிற்று. 14 எந்திரங்களின் வாக்குகளை ஒருங்கே கூட்டிக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015ஆம் ஆண்டு தன் 255ஆவது அறிக்கையில் அதனைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. 1999இலும் 2019இலும் வாக்குப்பதிவு நாளில் வீடுகள் தாக்கப்பட்ட இத்தொகுதியின் வாக்குகள் இன்றும் சாவடி சாவடியாகவே எண்ணப்பட்டு, சாவடி சாவடியாகவே வெளியிடப்படுகின்றன.