நீலகிரிப் பல்சக்கர இன்ஜின்: உருவமும் மாதிரியும்

போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அகலப்பாதை 1873-இலேயே வந்து சேர்ந்துவிட்டது என்றாலும், அங்கிருந்து குன்னூருக்கு ஏறும் மீட்டர் பாதை 1899 ஜூனில்தான் திறக்கப்பட்டது; அது உதகமண்டலத்தை எட்ட 1908 ஆயிற்று. கல்லாற்றைத் தாண்டியதும் பாதை ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் உயர்கிறது. வழவழப்பான எஃகுத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு அத்தகைய சரிவில் சுமையை ஏற்றிச்செல்ல வெறும் சக்கரங்களால் இயலாது என்பதால், இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல்வெட்டிய எஃகுச் சட்டங்களைப் பதித்து, இன்ஜினின் அடியிலுள்ள பல்சக்கரத்தை அவற்றில் கோத்து ஏறும் முறை கையாளப்பட்டது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த இம்முறையில் இரண்டு சட்டங்கள் அருகருகே ஓடுகின்றன. ஒன்றின் பல் நிற்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு அவை அமைக்கப்பட்டிருப்பதால், எந்தக் கணத்திலும் ஏதேனும் ஒரு பல்லாவது பிடிமானத்தில் இருக்கும்.

தொடக்கத்தில் இப்பாதையில் ஓடிய மான்செஸ்டரின் பேயர் பீகாக் நிறுவன இன்ஜின்களின் இடத்தை, வின்டர்தூரிலிருந்த சுவிஸ் லோகோமோட்டிவ் நிறுவனம் கட்டிய எக்ஸ் வகை இன்ஜின்கள் பிடித்தன. முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் தொடங்கி 1925 வரை பல தவணைகளாகவும், பின்னர் 1950-ஐ ஒட்டியும் இவை வந்து சேர்ந்தன. ரயில் இன்ஜின்களின் அளவுகுறைத்த மாதிரிகளைச் செய்யும் கலைக்குக் கொங்கு நாட்டில் கிடைக்கக்கூடிய மிகச் செறிவான பாடம் இந்த இன்ஜின்தான். இதன் வெளித்தோற்றத்தில் காரணமின்றி அமைந்த உறுப்பு அநேகமாக எதுவும் இல்லை.

பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு சிலிண்டர்கள். கீழ்ச் சிலிண்டர் இணைப்புத் தண்டுகளின் வழியே எட்டுச் சிறு சக்கரங்களையும், மேற்சிலிண்டர் பற்சட்டத்தில் கோக்கும் பல்சக்கரங்களையும் இயக்குகின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரையுள்ள சமதளத்தில் கீழ்ச் சிலிண்டர் மட்டுமே வேலை செய்ய, அதிலிருந்து வெளியேறும் நீராவி நேரே புகைபோக்கிக்குப் போய்விடுகிறது. பற்சட்டம் தொடங்கியதும் அதே நீராவி வீணாகாமல் மேற்சிலிண்டருக்குத் திருப்பப்பட்டு, எஞ்சியிருக்கும் அழுத்தத்தைக் கொண்டு இரண்டாம் முறையாக உழைக்கிறது. இதைக் கூட்டு விரிவு முறை என்பர். மேற்சிலிண்டரின் ஆற்றல் இடைப்பல்லிணைகளின் வழியே வேகம் குறைக்கப்பட்டே பல்சக்கரத்தைச் சென்றடைவதால், மேல்தண்டுகள் கீழ்த்தண்டுகளைவிட விரைவாகவும் அவற்றுக்கு எதிர்த்திசையிலும் சுழல்கின்றன. மலையில் இந்த இன்ஜின் ஓடுவதைப் பார்த்தவர்கள் மறக்க முடியாத காட்சி இது. இரு தண்டுகளையும் ஒரே அச்சில் கட்டி ஒரே வேகத்தில் சுழலவிடும் மாதிரி, ஆணிகளை எத்தனை நுட்பமாகப் பதித்திருந்தாலும், எக்ஸ் வகையின் மாதிரி ஆகாது.

அளவுவிகிதத்தைத் தேர்வதிலும் இப்பாதைக்கே உரிய வசதி ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்திலும் மலைப்பாதைகள் பலவற்றின் அகலம் ஒரு மீட்டர்தான் என்பதால், ஐரோப்பிய மாதிரிக் கலைஞர்கள் அந்த அகலத்துக்கென இரு அளவுகளை ஏற்கெனவே நிலைநிறுத்தியுள்ளனர். ஒன்று எண்பத்தேழில் ஒரு பங்கு. இதில் தண்டவாளங்களின் இடைவெளி 12 மில்லிமீட்டர். மற்றொன்று, ஜெர்மனியின் எல்ஜிபி நிறுவனம் 1968-இல் அறிமுகப்படுத்திய இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. இதில் இடைவெளி 45 மில்லிமீட்டர். நீலகிரிப் பற்சட்டத்தில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தொலைவு 120 மில்லிமீட்டர். சிறிய அளவில் இது ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட, அங்கே பல் கண்துடைப்புக்கானதாகவே நின்றுபோகிறது. பெரிய அளவிலோ 5.3 மில்லிமீட்டர் கிடைப்பதால், பல்சக்கரம் உண்மையிலேயே கோத்துச் சரிவில் ஏறும் மாதிரியைப் பித்தளையிலோ எஃகிலோ கடைந்துவிட முடியும். எக்ஸ் வகையைச் செய்ய விரும்புவோருக்குப் பெரிய அளவே தகும் என்று துணிந்து சொல்லலாம்.

மாதிரி செய்யும் தொழில் கோயம்புத்தூருக்குப் புதியதன்று. 1888-இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தாரின் முயற்சியால் நூற்பாலை தோன்றி, ஆலைகள் பெருகி, அவற்றின் உதிரிப்பாகங்களுக்காகவும் பின்னர் கிணற்று மோட்டார்களுக்காகவும் பம்புகளுக்காகவும் வார்ப்படச் சாலைகள் பரவியபோது, ஒவ்வொரு வார்ப்படத்துக்கும் முன்னோடியாக ஒரு மர உருவம் தேவைப்பட்டது. பட்டறைகளில் பேட்டர்ன் என்றே வழங்கும் இவ்வுருவத்தை மணலில் பதித்தெடுத்து, அந்தப் பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுகின்றனர். இரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், பேட்டர்ன் செய்பவர் அதற்கெனக் கூடுதலாகக் குறியிட்ட அளவுகோலைக் கொண்டே மரத்தை அளக்கிறார். மணல் உடையாமல் உருவம் வெளிவரப் பக்கங்களைச் சற்றே சாய்வாக இழைக்கிறார். சிலிண்டர் போன்ற உள்ளீடற்ற பாகத்துக்குக் கோர் எனப்படும் மணற்கட்டியைத் தனி அச்சில் செய்து உள்ளே நிறுத்துகிறார். அளவைக் கூட்டிச் செய்தாலும் குறைத்துச் செய்தாலும், உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மரத்தில் முன்கூட்டியே கணிக்கும் இந்த அறிவு மாதிரிக் கலைஞருக்கும் இன்றியமையாதது.

முழு அளவிலேயே ஓர் எக்ஸ் இன்ஜினைப் புதிதாகச் செய்யும் பணி திருச்சிராப்பள்ளியின் பொன்மலைப் பணிமனைக்கு வாய்த்தது. வின்டர்தூரிலிருந்து புது இன்ஜின் வரும் காலம் கடந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னர், 2011 முதல் 2014 வரையான ஆண்டுகளில் 37396 முதல் 37399 வரை எண்ணிட்ட நான்கு இன்ஜின்கள் அங்கே உருவாகின. நீராவி இன்ஜின் கட்டுவதையே உலகம் பெரும்பாலும் கைவிட்டிருந்த வேளையில் நிகழ்ந்த இப்பணி, இந்திய ரயில்வே தொழிலாளர்களின் கைத்திறனுக்குக் கிடைத்த பெரும் பெருமை; அதற்குரிய கவனம் இன்றுவரை கிடைக்கவில்லை.

நுணுக்கங்களைச் சேர்க்கும் கட்டத்தில் மாதிரிக் கலைஞர் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஆண்டை. 1951-க்கு முற்பட்ட இன்ஜினில் தென்னிந்திய ரயில்வேயின் எழுத்துகள் இருக்க வேண்டும். இன்று வழங்கும் ஐந்திலக்க எண்கள் 1950-களின் பிற்பகுதியில்தான் வந்தன. இன்றைய நீல வண்ணத்தைப் பழைய இன்ஜினுக்குப் பூசக்கூடாது. நிலக்கரியில் ஓடிய இன்ஜின்கள் சில 2000-களில் உலை எண்ணெய்க்கு மாற்றப்பட்டதால், ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இருப்பது கரிப்பெட்டியா எண்ணெய்த் தொட்டியா என்பதும் காலத்தைக் காட்டும். ரயிலைக் கோக்கும் வரிசையிலும் கவனம் வேண்டும்: குன்னூருக்கு ஏறும்போது இன்ஜின் கீழ்முனையில் நின்று பெட்டிகளைத் தள்ளிச்செல்லும் என்பதால், முன்னால் இன்ஜினும் பின்னால் பெட்டிகளுமாக மலையேறும் காட்சியமைப்பு அடிப்படையிலேயே பிழையாகிவிடும். பொன்மலையில் பின்னர் கட்டப்பட்டு 2021-இல் வெளிவந்த 37400 மீண்டும் நிலக்கரியில் ஓடுவதாகவே அமைக்கப்பட்டதால், கரிப்பெட்டி இருப்பதை மட்டும் கொண்டு இன்ஜின் பழையது என்று தீர்மானித்துவிடாமல், பக்கத்தகட்டிலுள்ள எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.