ஈயம் போன கதை

சீனக்குடா எண்ணெய்க் குதங்களைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு நாம் யுத்தக் கதைதான் சொல்கிறோம். பெற்றோலுக்கு இன்னொரு கதையும் உண்டு.

1976இல் வொல்வோ கார்களில் பொஷ் நிறுவனத்தின் ஒட்சிசன் சென்சர் வந்தது. புகையில் மிஞ்சும் ஒட்சிசனை வெளிக்காற்றோடு ஒப்பிடும். பெற்றோல் கூடினால் சுமார் 0.9 வோல்ட், குறைந்தால் 0.1 வோல்ட் காட்டும். அதைப் பார்த்துக் கணினி பெற்றோலை அளந்து விடும். ஆனால் பெற்றோலில் கலந்த ஈயம் அந்தச் சென்சரைக் கெடுத்துவிடும்.

இலங்கையில் ஈயப் பெற்றோல் நின்றது 2002இல். சென்சருக்கே ஆகாத, பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயத்தை, அதற்குப் பிறகும் 26 வருடம் நாம் சுவாசித்தோம்.

இன்று எஞ்சின் லைட் எரிந்தாலும், சென்சர் மாற்றச் செலவென்று அப்படியே ஓட்டுகிறோம். அந்தப் புகைக்குப் பக்கத்தில்தான் நம் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.