சாம்பல் பட்டனும் நாலு கோடுகளும்

போன வாரம் அப்பா போனை நீட்டி, "இதுல எங்கடா அமுக்கணும்?"னு கேட்டார். ஏதோ ஒரு படிவம். எல்லாம் ரொப்பியாச்சு. கீழே "சமர்ப்பி"ன்னு வெறும் நீல எழுத்து. சுத்தி ஒரு கோடு கிடையாது, நிழல் கிடையாது. அது பட்டன்னு அவருக்குத் தெரியலை. கொடுமை என்னன்னா, இதே மாதிரி பக்கங்களைச் செஞ்சுதான் நானும் பொட்டி தட்டி சம்பளம் வாங்குறேன் :-(

அன்னிக்கு ராத்திரி 98.சிஎஸ்எஸ்-ஐ நோண்டிக்கிட்டு இருந்தேன். 2020-ல ஜோர்டன் ஸ்கேல்ஸ் வெளியிட்டது. இந்த ஒரு கோப்பை இணைச்சா போதும், உங்க வலைப்பக்கத்துப் பட்டனெல்லாம் விண்டோஸ் 98 வேஷம் கட்டிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட கிடையாது. சும்மா பழைய ஞாபகத்துக்குச் செஞ்சதுன்னு நினைச்சேன். உள்ளே போனா விஷயம் இருக்கு.

1984-ல வந்த மெக்கின்டோஷ் திரை கறுப்பு வெள்ளை மட்டும்தான். பட்டன்னா கோடு போட்ட ஒரு கட்டம், அவ்வளவே. 1988-ல ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டின நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் திரைக்கு மொத்தமே 4 நிறம்: வெள்ளை, கறுப்பு, நடுவுல 2 சாம்பல். அந்த நாலை வச்சே பட்டனைத் தூக்கி நிறுத்திட்டாங்க. வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வருதுன்னு வச்சுக்கோங்க. மேலேயும் இடப்பக்கமும் வெள்ளைக் கோடு, கீழேயும் வலப்பக்கமும் இருட்டுக் கோடு. பட்டன் மேடாத் தெரியும். அமுக்கினா கோடுகளை மாத்திப் போடு, பள்ளமாயிடும்!

1995 ஆகஸ்ட் 24-ல வந்த விண்டோஸ் 95 இதைத் திரை முழுக்கப் போட்டுச்சு. மேடா இருந்தா அமுக்கு, பள்ளமா இருந்தா அதுல எழுது. யாரும் சொல்லித் தராமலே கை புரிஞ்சுக்கிச்சு.

வேடிக்கை என்னன்னா, 1996 டிசம்பர்ல வந்த முதல் சிஎஸ்எஸ் விதிகள்லயே மேடு, பள்ளம் ரெண்டுக்கும் தனித்தனி பார்டர் வகை உண்டு. 98.சிஎஸ்எஸ் அதை இன்னும் நுணுக்கமா, ஒரு பட்டனுக்கு நாலு உள்நிழல் வச்சு வரையுது. படம் எதுவும் வேண்டாம்.

அப்புறம் 2012-ல விண்டோஸ் 8, 2013-ல ஐஓஎஸ் 7. எல்லாம் தட்டை. திரை பல அளவுல வந்தாச்சு, தட்டையா வரையிறது சுலபம். ஜனங்களுக்குத்தான் பட்டன் பழகிடுச்சேன்னு ஒரு கணக்கு. ஆனா 2014-ல ஐஓஎஸ் 7.1 வந்தப்போ, பட்டனுக்கு வடிவம் காட்டுற ஒரு அமைப்பை ஆப்பிளே சேர்க்க வேண்டியதாச்சு.

கணக்கு எங்கே தப்புன்னு அப்பாவைப் பார்த்ததும் புரிஞ்சுது. அவர் முதல்ல தொட்ட கம்ப்யூட்டரே போன்தான். அந்த மேடு பள்ளப் பாடத்தை அவர் படிக்கவே இல்லை. ஒண்ணாங்கிளாஸ் படிக்காதவரை நேரா ரெண்டாங்கிளாஸ்ல உட்கார வச்சுட்டோம்.

மறுநாள் நான் செய்யுற படிவத்துல பட்டனைச் சுத்தி ஒரு கோடும், கீழே கொஞ்சம் நிழலும் போட்டேன். "பழசா இருக்கே"ன்னார் டிசைனர். சாயங்காலம் அப்பாகிட்ட காட்டினேன். ஒண்ணுமே கேட்காம அமுக்கினார்.

நீங்களும் உங்க பக்கத்தை ஒருதரம் வீட்டுப் பெரியவங்ககிட்ட காட்டிப் பாருங்க மக்கா. எதையும் சொல்லிக் கொடுக்காம!