சோயா அவரை அயனமண்டலம் புகுந்த வரலாறு

பயிருக்குக் கண் இல்லை. ஆயினும் பகலின் நீளத்தை அது அளந்து அறிகின்றது. எப்பொழுது வளர்வது, எப்பொழுது பூப்பது என்பதை அந்த அளவைக்கொண்டே பல பயிர்கள் தீர்மானிக்கின்றன. சோயா அவரையும் அவற்றுள் ஒன்று. சீனத்திற் பிறந்து, பல்லாயிரம் ஆண்டுகள் கீழைத்தேச மக்களுக்கு உணவளித்து, பின்னர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமவெளிகளிற் பெரும் பயிராய்ப் பரந்த இத்தாவரம், வெயிலும் மழையும் நிறைந்த அயனமண்டலத்தில் நெடுங்காலம் வேரூன்ற மறுத்தது. அந்த மறுப்பின் காரணத்தைக் கண்டதும், அதனைக் கடந்ததும் விவசாய வரலாற்றின் சிறந்த அத்தியாயங்களாகும்.

காரணத்தை முதலில் விளக்கியவர்கள் கார்னர், அலார்ட் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள். வாஷிங்டன் நகரை அடுத்த ஆர்லிங்டன் பண்ணையில் ஒரு புகையிலை இனம் கோடை முழுவதும் பூவாது மனித உயரத்தையும் மீறி வளர்ந்தது; அதுவே மாரிக்காலத்திற் கண்ணாடி வீட்டினுள் குறுகிய செடியாய் நின்று பூத்தது. ‘பிலாக்சி’ என்னும் சோயா இனத்தை வெவ்வேறு நாட்களில் விதைத்தபோதும், செடிகள் யாவும் ஏறக்குறைய ஒரே காலத்திற் பூத்தன. வெப்பமும் ஈரமும் அன்று, பகலின் நீளமே பூக்கும் காலத்தை வகுக்கிறது என்று அவர்கள் 1920 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சோயா குறும்பகற் பயிர். பகல் குறுகி இரவு நீண்டால் அது விரைந்து பூக்கும்.

இதன் விளைவு வெளிப்படையானது. வடக்கே கோடைப்பகல் பதினைந்து மணி நேரம் நீடிக்கும் நிலத்திற்கென உருவான சோயாவை, பகல் பதின்மூன்று மணியைத் தாண்டாத நிலத்தில் விதைத்தால், முளைத்து ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே பூத்துவிடும். முழங்கால் அளவும் உயராத செடியிற் சில காய்களே தொங்கும். அவையும் நிலத்தை ஒட்டியிருப்பதால் அறுவடை இயந்திரத்திற்கு எட்டா. பிறேசில் நாட்டின் பாஹியா மாநிலத்தில் 1882 ஆம் ஆண்டிலேயே சோயா விதைக்கப்பட்டும் அது அங்கே நிலைபெறவில்லை. தென்கோடி மாநிலமாகிய ரியோ கிராண்டே டோ சுல்லில் மட்டுமே அது பின்னர் செழித்தது. அம்மாநிலம் தெற்கே முப்பதாம் அகலக்கோட்டை அண்டியது. ஆதலின் தென் அமெரிக்க ஐக்கிய மாநிலங்களின் இனங்கள் அங்கே பொருந்தின. மாரியிற் கோதுமை, கோடையிற் சோயா என உழவர் மாறிமாறிப் பயிரிட்டனர்.

1972 இல் பெரு நாட்டுக் கடலில் நெத்தலி மீன்பாடு வீழ்ந்தது. கால்நடைத் தீவனத்திற்குரிய மீன்மா அருகவே, உலகெங்கும் சோயாவின் விலை உயர்ந்தது. 1973 யூன் மாதத்தில் அமெரிக்க அரசு சோயா ஏற்றுமதியைத் தடைசெய்தது. சோயாவை நாளாந்த உணவாகக் கொண்ட யப்பான் திகைத்தது. ஒரே நாட்டை நம்பியிருப்பதன் ஆபத்து புலனாயிற்று. அதே ஆண்டில் பிறேசில் ‘எம்பிராப்பா’ என்னும் தேசிய விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியது. 1975 இல் லொன்டிரினா நகரில் சோயாவுக்கெனத் தனி நிலையம் எழுந்தது.

நாட்டின் நடுவே ‘செராடோ’ என்னும் புல்வெளிக் காட்டுநிலம் ஏறக்குறைய இருபது கோடி ஹெக்டேயர் பரப்பிற் கிடந்தது. அதன் மண் புளித்த மண், பொசுபரசு குறைந்தது, வேரை நஞ்சூட்டும் அலுமினியம் மிகுந்தது. சுண்ணாம்பும் உரமும் இட்டால் அம்மண் விளையும் என்பதை 1950 களிலேயே கொலின் மக்ளங் முதலியோர் காட்டியிருந்தனர். செக் நாட்டிற் பிறந்து பிறேசிலிற் குடியேறிய யொஹானா டோபரைனர் அம்மையார், விலையுயர்ந்த நைதரசன் உரத்தை நாடாது, வேர்முடிச்சுப் பற்றீரியாவைக்கொண்டே சோயாவை வளர்க்கவேண்டுமென வாதாடி வென்றார். மண் இவ்வாறு இணங்கியது. எனினும் பகற்பொழுதுக்கு எவரும் உரமிட இயலாது. அங்கே மாறவேண்டியது பயிரே.

அம்மாற்றத்தைத் தேடியவருள் முதன்மையானவர் ரொமேயு கீல். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எட்கர் ஹார்ட்விக் என்னும் இனவிருத்தி அறிஞருடன் ஆராய்ந்த அவர், பெருவிலிருந்து பெறப்பட்ட ஒரு சோயா வித்தில் அரிய குணமொன்றைக் கண்டார். குறும்பகலிலும் அச்செடி அவசரப்படவில்லை. இளமைப்பருவத்தை நீட்டி, போதிய உடல் வளர்ந்த பின்னரே பூத்தது. ‘நீள் இளமை’ எனப்பட்ட இக்குணத்தை இருவரும் 1979 இல் விளக்கினர். அது ஒடுங்கிய குணமாதலின், கலப்பின் முதற்றலைமுறையில் மறைந்திருந்து, அடுத்த தலைமுறையில் நான்கில் ஒரு பங்குச் செடிகளிலேயே வெளிப்படும். சோயாவின் பூவோ விரல்நகத்திலும் சிறியது, தன்மகரந்தத்தாலேயே கருவுறுவது. இடுக்கிகொண்டு பூவைத் திறந்து கையாற் கலப்புச் செய்து, தலைமுறை தலைமுறையாகத் தெரிவுசெய்யும் பணிக்குப் பொறுமையே முதல். ‘பரனா’ என்னும் தென்மாநில இனத்திலிருந்தும் பிந்திப் பூக்கும் வகையொன்று தானாகத் தோன்றியது. ‘பரனகோயானா’ எனப் பெயர்பெற்ற அதுவும் அறிஞரின் கவனத்தை ஈர்த்தது.

1980 ஆம் ஆண்டளவில் ‘திரொப்பிக்கல்’, ‘டோக்கோ’ என்னும் இனங்கள் உழவர் கைக்கு வந்தன. சோயா வடக்கு நோக்கி நடந்தது. மத்தியகோட்டை அண்டிய மாநிலங்களையும் எட்டியது. 1970 இல் ஏறக்குறைய 15 இலட்சம் தொன் விளைத்த பிறேசில், 2023 இல் 15 கோடி தொன்னைக் கடந்து, உலகின் முதல் உற்பத்தியாளராய் நின்றது.

இவ்வெற்றிக்கு விலையும் உண்டு. செராடோவின் இயற்கைத் தாவரப் போர்வையில் ஏறக்குறைய அரைவாசி, கால்நடை மேய்ச்சலுக்கும் பயிருக்குமாக அழிந்துவிட்டது. பெருநதிகள் பலவற்றின் ஊற்றுக்கண்கள் அந்நிலத்திலேயே உள்ளன. பரந்த நிலத்தில் ஒரே பயிர் நின்றமையால் நோய்க்கும் வழி பிறந்தது. 2001 இல் வந்த ஆசியத் துருநோய், உழவரை ஆண்டுதோறும் மருந்து தெளிக்க வைத்தது.

நீள் இளமைக்கு அடிப்படையான ‘ஜே’ என்னும் பரம்பரையலகு எதுவென்பது 2017 இலேயே துலக்கமாயிற்று. பூத்தலைத் தடுக்கும் வேறோர் அலகை அது அடக்கிவைக்கிறது. அது பழுதுற்றால் தடை நீங்காது, பூவும் பிந்தும். ஆகவே அயனமண்டலத்திற்குச் சோயாவைத் தந்தது புதியதொரு வலிமையன்று, பழுதுற்ற ஓர் அலகே. வித்துக் களஞ்சியத்தில் ஓர் எண்ணாய்க் கிடந்த அந்தப் பெருநாட்டு வித்தைப் பயனற்றதென எறிந்திருந்தால், இவ்வரலாறு வேறாகியிருக்கும். எந்த வித்து எக்காலத்திற் கைகொடுக்கும் என்பதை முன்னரே அறிவார் இல்லை. பழைய வித்துக்களைப் பேணுவதன் நியாயம் அதுவே.